சென்னையின் பழைய கல்லறைத் தோட்டங்களில் உங்கள் தாத்தாவைத் தேடுவது எப்படி?

என் கொள்ளுத்தாத்தாவின் கல்லறையைக் கண்டுபிடிக்க எனக்கு ஏழு மாதம் ஆனது. அதில் முதல் மூன்று வாரம் முழுக்க வீண். தவறான கல்லறைத் தோட்டத்தில் கொசுக்கடி வாங்கிக்கொண்டு கல் கல்லாகப் படித்துக்கொண்டிருந்தேன். இப்போது யோசித்தால், சரியான வரிசையில் போயிருந்தால் இரண்டு மாதத்தில் முடிந்திருக்கும் வேலை. அந்த வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இது பெரும்பாலும் கிறிஸ்தவக் குடும்பங்களுக்கான வழிகாட்டி. முஸ்லிம் குடும்பம் என்றால் அடக்கஸ்தலத்தை நிர்வகிக்கும் ஜமாஅத்தில் தொடங்க வேண்டும். பல கபர்களில் பெயர்க்கல்லே இருக்காது, அதனால் அங்கே பெரியவர்களின் நினைவுதான் முதல் ஆவணம்.

ஒரு வார்த்தை முன்கூட்டியே: நேராகக் கல்லறைத் தோட்டத்துக்குக் கிளம்பாதீர்கள். அது கடைசிக்கு முந்தின படி.

1. வீட்டுக் காகிதங்களைக் கொட்டிப் பாருங்கள்

தேவைப்படுவது நான்கு தகவல்: ஞானஸ்நானப் பெயர், இறந்த ஆண்டு, அப்போது குடியிருந்த தெரு, எந்தச் சபை. இந்த நான்கில் மூன்று கையில் இல்லாமல் எந்த அலுவலகத்துக்குப் போனாலும் "தகவல் போதாது, அப்புறம் வாங்க" என்றுதான் அனுப்புவார்கள்.

குடும்ப பைபிளின் முதல் பக்கம், ஜெபப் புத்தகத்துக்குள் செருகிய இரங்கல் அட்டை, பழைய பென்ஷன் புத்தகம், வீட்டுப் பத்திரம், திருமண ஓலை என்று எல்லாவற்றையும் பாருங்கள். பத்திரத்தில் "காலஞ்சென்ற இன்னார் மகன்" என்று ஒரு வரி வந்தால், அந்தத் தேதிக்கு முன்பே அவர் இறந்துவிட்டார் என்று தெரியும். எனக்கு அப்படித்தான் மேல் எல்லை கிடைத்தது.

ஆண்டு தெரியவில்லை என்றால் வயதானவர்களிடம் "எந்த வருஷம்?" என்று கேட்காதீர்கள். பதில் வராது, வந்தால் தப்பாக வரும். "என்ன நடந்தபோது?" என்று கேளுங்கள். எம்டன் கப்பல் குண்டு போட்டது 1914 செப்டம்பர். ஜப்பான்காரன் வருகிறான் என்று பட்டணமே காலியானது 1942 ஏப்ரல். என் அத்தை சொன்னது: "பட்டணம் காலியாச்சே, அதுக்கு அடுத்த பொங்கலுக்கு முன்னாடி." அப்படியானால் 1943 ஜனவரியின் முதல் இரண்டு வாரம். பதிவேட்டில் பிறகு பார்த்தால் அத்தை கணக்கு அச்சு அசலாகச் சரி. அவருக்கு அப்போது ஆறு வயது.

இதிலேயே ஒரு பொறி இருக்கிறது. 1942-இல் ஊரை விட்டுப் போனவர்கள் பலர் திரும்பி வரத் தாமதமானது. அந்த இடைவெளியில் இறந்தவர்களைப் போன ஊரிலேயே அடக்கம் செய்திருப்பார்கள். "எங்கே இறந்தார்?" என்பதையும் தனியாகக் கேட்டுவிடுங்கள். பட்டணத்தில்தான் என்று நீங்களாக நினைத்துக்கொள்ள வேண்டாம்.

2. எந்தச் சபை, எந்தப் பங்கு?

"கிறிஸ்தவர்" என்பது மட்டும் போதாது. எந்தப் பங்கு, அதாவது எந்தக் கோயிலின் கீழ் வரும் வட்டாரம் என்றும் தெரிய வேண்டும். கத்தோலிக்கரா, புராட்டஸ்டன்டா? புராட்டஸ்டன்டு என்றால் 1947-க்கு முன்பா பின்பா? ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட் உள்ளிட்ட சபைகள் சேர்ந்து தென்னிந்தியத் திருச்சபை (சி.எஸ்.ஐ.) ஆனது 1947 செப்டம்பர் 27-இல்தான். அதற்கு முன்பு இறந்தவரை "சி.எஸ்.ஐ." என்று கேட்டால் அந்தக் காலத்துப் பதிவேட்டின் மேல் அப்படி ஒரு பெயரே இருக்காது. பழைய மிஷன் பெயரைத் தெரிந்துகொண்டு போங்கள்.

கத்தோலிக்கர்களுக்கு இதைவிடச் சிக்கல். 1952 வரை சென்னையில் இரண்டு ஆட்சி. சென்னை உயர்மறைமாவட்டம் ஒன்று, போர்த்துக்கீசியப் பொறுப்பில் இருந்த மயிலாப்பூர் மறைமாவட்டம் இன்னொன்று. ஜார்ஜ் டவுனிலேயே இரண்டுக்கும் கோயில்கள் இருந்தன. பக்கத்துப் பக்கத்துத் தெருக்காரர்கள் வெவ்வேறு ஆயரின் (பிஷப்பின்) கீழ் இருந்திருக்கலாம். "வீட்டுக்கு எது கிட்டே இருந்ததோ அதுதான் பங்கு" என்று நினைத்து நான் ஒரு மாதம் இழந்தேன். குழந்தைகளின் ஞானஸ்நானச் சான்று ஒன்று கிடைத்தால் போதும், பங்கு எது என்று அதிலேயே இருக்கும். தாத்தாவுடையது இல்லாவிட்டால் அவர் பிள்ளைகளில் யாருடையதாவது பரணில் கிடக்கும்.

தெருப் பெயர்களையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். மவுண்ட் ரோடு அண்ணா சாலை ஆனது எல்லோருக்கும் தெரியும். லாயிட்ஸ் ரோடு அவ்வை சண்முகம் சாலை என்பது பலருக்குத் தெரியாது. என் அத்தை "அரண்மனைக்காரன் தெரு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். எந்த அரண்மனை என்று நானும் தேடினேன். அரண்மனையும் இல்லை, ராஜாவும் இல்லை. அது ஆர்மீனியன் தெரு, ஊர் வாயில் அப்படித் திரிந்திருக்கிறது.

3. மாநகராட்சி இறப்புப் பதிவு

முதலில் சென்னை மாநகராட்சி இணையதளத்தில் இலவசமாகத் தேடிப் பாருங்கள். கணினியில் ஏறிய பதிவு என்றால் பத்து நிமிட வேலை, சான்றிதழையும் இறக்கிக்கொள்ளலாம். பழைய பதிவுகளுக்கு அலுவலகத்தில் மனுக் கொடுத்துத் தேடச் சொல்ல வேண்டும்.

தேடுதல் கட்டணம் ஆண்டுக் கணக்கில் வாங்குவார்கள். ஐந்து ஆண்டைத் தேடச் சொன்னால் ஐந்து ஆண்டுக்கும் கட்டணம், காத்திருப்பும் அதற்கேற்ப நீளும். முதல் படியில் ஆண்டை நெருக்கிக்கொண்டு வரச் சொன்னது இதற்காகத்தான். மனுவில் இறந்தவர் பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், பழைய தெருப் பெயர், தோராயமான தேதி எல்லாவற்றையும் எழுதுங்கள். மனுவின் நகலில் முத்திரை வாங்காமல் வெளியே வராதீர்கள். நான் வாங்காமல் வந்தேன். நான்கு வாரம் கழித்துப் போனபோது அப்படி ஒரு மனுவே வரவில்லை என்றார்கள்.

பதிவு கிடைக்கவில்லை என்றால் "பதிவு இல்லை" என்று சான்று கேட்டு வாங்குங்கள். வெறுங்கையோடு திரும்புவதைவிட அது மேல். பின்னால் வேறு அலுவலகங்களில் கேட்பார்கள்.

எல்லையும் முக்கியம். அம்பத்தூர், ஆலந்தூர் போன்றவை 2011-இல்தான் மாநகராட்சியோடு சேர்ந்தன. அதற்கு முன் அங்கே நடந்த இறப்பு அந்தந்த நகராட்சிப் பதிவேட்டில் இருக்கும். பரங்கிமலையும் பல்லாவரமும் கண்டோன்மென்ட் எல்லைக்குள் என்றால் கண்டோன்மென்ட் அலுவலகத்தில் கேட்க வேண்டும்.

4. அடக்கப் பதிவேடு: இங்கேதான் வேலையே இருக்கிறது

பங்குக் கோயிலின் அடக்கப் பதிவேட்டில் பெயர், வயது, தொழில், இறந்த தேதி, அடக்கம் செய்த தேதி, சில இடங்களில் நோய், எங்கே அடக்கம், யார் ஜெபித்தது எல்லாம் இருக்கும். எங்கே அடக்கம் என்ற அந்த ஒரு கட்டம்தான் உங்களுக்கு வேண்டியது.

முன்கூட்டியே போன் செய்து நேரம் கேட்டுக்கொண்டு போங்கள். ஞாயிறு வேண்டாம், திருமண முகூர்த்த நாள் வேண்டாம், தவக்காலமும் கிறிஸ்துமஸுக்கு முந்தைய மாதமும் வேண்டவே வேண்டாம். வார நாளில் காலை பத்து மணிக்குப் போனால் அலுவலகப் பொறுப்பாளர் நிம்மதியாக இருப்பார். உங்கள் ஆதார் நகல், நீங்கள் அவருக்கு என்ன உறவு என்பதைக் காட்டும் காகிதங்கள், எதற்காகத் தேடுகிறீர்கள் என்று கையெழுத்திட்ட ஒரு கடிதம், உங்கள் இப்போதைய பங்குத்தந்தை அல்லது போதகரின் அறிமுகக் கடிதம் கையில் இருக்கட்டும். கடைசியில் சொன்னதுதான் கதவைத் திறக்கும். அது இல்லாமல் போன இரண்டு இடத்திலும் என்னை வாசலிலேயே நிறுத்தினார்கள்.

பெரும்பாலும் பதிவேட்டை உங்கள் கையில் தரமாட்டார்கள். அவர்களே பார்த்துச் சொல்வார்கள். இங்கேதான் பெரிய பொறி. பெயரைச் சரியாகச் சொன்னால்தான் அவர்களுக்குச் சிக்கும்.

எங்கள் வீட்டில் கொள்ளுத்தாத்தா பெயர் சின்னப்பன். "சின்னப்பன் என்று யாரும் இல்லை" என்று பதில் வந்தது. மூன்றாவது தடவை போனபோது அங்கே இருந்த வயதான உபதேசியார் ஒருவர் சிரித்துக்கொண்டே, "தம்பி, சின்னப்பர்னா பவுல். பவுலுஸ்னு பாக்கச் சொல்லுங்க" என்றார். ஐந்து நிமிடத்தில் கிடைத்தது.

கத்தோலிக்கத் தமிழ்ப் பெயர்கள் பல புனிதர் பெயர்களின் தமிழ் வடிவம். பதிவேட்டை லத்தீனிலோ ஆங்கிலத்திலோ எழுதிய குருவானவர் தன் மொழிக்கு மாற்றித்தான் எழுதியிருப்பார். ராயப்பன் என்றால் பேதுரு, ஆக பெத்ருஸ் அல்லது பீட்டர். சின்னப்பன் பவுலுஸ். அருளப்பன் யோவான்னெஸ், அல்லது ஜான். சூசை யோசேஃபுஸ். இஞ்ஞாசி இக்னேஷியஸ். சவரிமுத்து இருந்தால் சேவியர் என்ற தலைப்பிலும் பாருங்கள். தேவசகாயத்தை லாசர் என்றும் எழுதுவார்கள். புராட்டஸ்டன்டு பதிவேடுகளில் இந்தத் தொல்லை குறைவு, ஆனால் அங்கே வேறு தொல்லை. ஞானப்பிரகாசம், ஞானசிகாமணி, ஞானமுத்து போன்ற பெயர்களை வெள்ளைக்காரர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார், ஒவ்வொரு தடவையும் வேறு எழுத்தில். முதல் எழுத்தை வைத்து மட்டும் தேடினால் தப்பிவிடும்.

இன்னொன்று, நம் முன்னெழுத்து. இன்று அது தந்தை பெயர். அந்தக் காலத்து எழுத்தர் சில இடங்களில் ஊர்ப் பெயரையும் சேர்த்திருப்பார், சில இடங்களில் தந்தை பெயரையே குடும்பப் பெயர் மாதிரி பின்னால் போட்டிருப்பார். அதனால் தாத்தாவின் பெயரில் கிடைக்கவில்லை என்றால் அவர் அப்பாவின் பெயரில் அகரவரிசையைப் பாருங்கள். பெண்கள் என்றால் கணவர் பெயரின் கீழ். "இன்னாரின் விதவை" என்பதைத் தவிர சொந்தப் பெயரே இல்லாமல் போன பாட்டிகள் அந்தப் பக்கங்களில் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

லத்தீன் பதிவேட்டைப் பார்க்க நேர்ந்தால் பயப்பட வேண்டாம், நாலைந்து சொல் தெரிந்தால் போதும். ஓபியித் என்றால் இறந்தார், செபுல்துஸ் என்றால் புதைக்கப்பட்டார், ஃபிலியுஸ் மகன், உக்ஸோர் மனைவி, விதுவா விதவை.

தேதியில் கவனம். 19-ஆம் நூற்றாண்டுப் பதிவேடுகளிலும் அதற்கு முந்தையவற்றிலும் மாதத்தைச் சுருக்கி 7 என்ற எண்ணோடு ber என்ற வாலைச் சேர்த்து 7ber என்று எழுதியிருப்பார்கள். அது ஜூலை இல்லை, செப்டம்பர். லத்தீனில் செப்தெம் என்றால் ஏழு, அதனால் அப்படி. அதே கணக்கில் 8 அக்டோபர், 9 நவம்பர், 10 டிசம்பர். இது தெரியாமல் ஜூலைப் பக்கங்களைப் புரட்டிவிட்டு "இல்லை" என்று சொல்லிவிடுவார்கள். 1752-க்கு முந்தைய ஆங்கிலேயக் கல் அல்லது பதிவு என்றால் ஜனவரி, பிப்ரவரி, மார்ச்சின் பெரும்பகுதிக்கு 1688/9 என்று இரண்டு ஆண்டு போட்டிருக்கும். அப்போது அவர்களுக்குப் புத்தாண்டு மார்ச் 25. நம் கணக்குப்படி இரண்டாவது எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள்.

பதிவு கிடைத்ததும் உடனே கிளம்பிவிடாதீர்கள். அந்தப் பதிவுக்கு முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு பதிவின் பெயரையும் தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள். ஏன் என்று ஏழாவது படியில் சொல்கிறேன்.

சான்றிட்ட நகலுக்குச் சிறிய கட்டணம் உண்டு. அதோடு கோயிலுக்குக் காணிக்கை போடுவது மரியாதை. பழைய புத்தகத்தை உங்களுக்காகப் புரட்டுவது அவர்கள் கடமையில் வராது.

5. ஒரே பெயரில் மூன்று மேரி

நான் மூன்று வாரம் இழந்த கதை இதுதான். ஜெபப் புத்தகத்தின் பின் அட்டையில் "செயின்ட் மேரீஸ், ஜனவரி" என்று பென்சிலில் எழுதியிருந்தது. உடனே தீவுத்திடல் பக்கம், சென்ட்ரலுக்கு அருகே இருக்கும் செயின்ட் மேரீஸ் கல்லறைத் தோட்டத்துக்குப் போய்விட்டேன். அது கோட்டை செயின்ட் மேரீஸ் ஆலயத்தோடு தொடர்புள்ளது, ஆங்கிலிக்கன் மரபு. நாங்கள் கத்தோலிக்கர்கள்!

அந்தப் பெயரில் இந்தப் பகுதியிலேயே குறைந்தது மூன்று இருக்கின்றன. புனித ஜார்ஜ் கோட்டைக்குள் 1680-இல் அர்ச்சிக்கப்பட்ட ஆங்கிலிக்கன் ஆலயம் ஒன்று. ஆர்மீனியன் தெருவில் கத்தோலிக்க இணைப் பேராலயம் இரண்டாவது. அதே தெருவில் 1772-இல் கட்டிய ஆர்மீனியர் கோயிலும் கன்னி மரியாள் பெயரில்தான். குடும்பக் குறிப்பில் கோயில் பெயர் மட்டும் இருந்தால், அது பூசை நடந்த இடமாக இருக்கலாம், புதைத்த இடமாக இருக்க வேண்டியதில்லை. எங்கள் குறிப்பு சொன்னது இணைப் பேராலயத்தை. அடக்கம் நடந்தது காசிமேட்டில்.

தோராயமாக எங்கே தேடலாம் என்பதற்கு: 20-ஆம் நூற்றாண்டில் இறந்த வடசென்னைக்காரர் என்றால் காசிமேடு, மத்திய சென்னை என்றால் கீழ்ப்பாக்கம். இரண்டையும் மெட்ராஸ் கல்லறை வாரிய அறக்கட்டளை நிர்வகிக்கிறது. கத்தோலிக்கரும் புராட்டஸ்டன்டும் அங்கே உண்டு. சாந்தோம், மயிலாப்பூர்ப் பக்கம் என்றால் குயிபிள் ஐலண்ட். 20-ஆம் நூற்றாண்டுக்கு முந்தையவர்கள், குறிப்பாக ஐரோப்பியரும் ஆங்கிலோ இந்தியரும் என்றால் கோயில் வளாகங்களையும் பாருங்கள்.

இரண்டாம் உலகப் போர் வீரர் என்றால் நந்தம்பாக்கம் போர்க் கல்லறை. இங்கே ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். தென்னிந்தியாவிலும் கிழக்கிலும் பல ஊர்க் கல்லறைகளில் புதைக்கப்பட்டவர்களைப் பிறகு இங்கே மாற்றினார்கள். 856 காமன்வெல்த் கல்லறைகள் இருக்கின்றன. வேறு ஊரில் இறந்தவர் என்பதால் இந்த இடத்தைத் தள்ளிவிடாதீர்கள்.

யூதர் கல்லறைத் தோட்டமும் இப்படி இடம் மாறியதுதான். இன்று லாயிட்ஸ் ரோட்டில் இருக்கும் பழைய கற்கள் வேறு இடத்திலிருந்து வந்தவை.

கல் இருக்கும் இடத்தில் உடல் இருக்கிறது என்று நம்பிவிடாதீர்கள். கோட்டை செயின்ட் மேரீஸைச் சுற்றித் தரையில் பதித்திருக்கும் கல்லறைக் கற்கள் இப்போதைய சட்டக் கல்லூரிப் பக்கம் இருந்த பழைய இடுகாட்டிலிருந்து கொண்டுவந்தவை. 1652-இல் இறந்த எலிசபெத் பேக்கரின் கல்லும் அதில் ஒன்று. கீழே யாரும் இல்லை. பளிங்குச் சுவர்ப் பலகையும் அப்படித்தான். அந்த ஆலயத்தில் மிஷனரி ஸ்வார்ட்ஸுக்குப் பெரிய நினைவுச் சிற்பம் இருக்கிறது, ஆனால் அவர் அடக்கமானது தஞ்சாவூரில். உங்கள் தாத்தாவின் பெயரைக் கோயில் சுவரில் பார்த்தாலும் அடக்கப் பதிவேட்டைப் பார்க்கும்வரை முடிவுக்கு வராதீர்கள்.

6. இணையத்தில் என்ன கிடைக்கும்?

ஐரோப்பியர், ஆங்கிலோ இந்தியர் குடும்பம் என்றால் நிறைய. மதராஸ் மாகாணக் கோயில்களின் ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவுகளின் நகல்கள் லண்டனுக்கு அனுப்பப்பட்டன. அவை பிரிட்டிஷ் நூலகத்தில் இந்தியா அலுவலக ஆவணங்களில் என்/2 என்ற வரிசையில், 1698 முதல் இருக்கின்றன. ஃபைண்ட்மைபாஸ்ட் தளத்தில் படமாகவே பார்க்கலாம், ஆனால் சந்தா கட்ட வேண்டும். ஃபேமிலிசர்ச் இலவசம், கணக்கு மட்டும் தொடங்க வேண்டும். ஃபிபிஸ் என்ற பிரிட்டிஷ் இந்தியக் குடும்பங்கள் சங்கத்தின் தேடுதளமும் இலவசம். முதலில் இலவசமான இரண்டையும் முடித்துவிட்டு, ஆண்டு உறுதியான பிறகு ஒரே ஒரு மாதச் சந்தா கட்டுங்கள். ஆண்டுச் சந்தா கட்டிவிட்டு வருந்தியவர்களை எனக்குத் தெரியும்.

அவை நகல் என்பதை மறக்க வேண்டாம். நகல் எடுத்தவர் கண் அசந்த இடத்தில் பெயர் மாறியிருக்கும். ஐயம் வந்தால் இங்கே கோயிலில் இருக்கும் மூலத்தோடு ஒப்பிடுங்கள்.

கல் உடைந்துபோயிருந்தால் ஜே. ஜே. காட்டன் தொகுத்து 1905-இல் வெளிவந்த மதராஸ் கல்லறை வாசகப் பட்டியலைப் பாருங்கள். இணைய ஆவணக் காப்பகத்தில் இலவசம். இன்று படிக்க முடியாத பல கற்களின் வாசகம் அதில் அப்படியே இருக்கிறது. போர் வீரர்களுக்குக் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் தளத்தில் பெயரைப் போட்டால் கல்லறை எண்ணே வந்துவிடும்.

தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு? நேர்மையாகச் சொன்னால் இந்த வழியில் கிடைப்பது மிகக் குறைவு. லண்டனுக்குப் போன நகல்களில் நம்மவர்கள் அபூர்வம். நான்காவது படிதான் நமக்கு.

7. இப்போது கல்லறைத் தோட்டத்துக்கு

பதிவேட்டு நகலோடு முதலில் தோட்ட அலுவலகத்துக்குப் போங்கள், உள்ளே இறங்காதீர்கள். அவர்களிடம் தனிப் புத்தகம் இருக்கும். தேதியைச் சொன்னால் கல்லறை எண் அல்லது வரிசை கிடைக்க வாய்ப்புண்டு. படம் எடுக்கப் போகிறீர்கள் என்றால் அப்போதே அனுமதி கேட்டுவிடுங்கள். கோட்டைக்குள் இருக்கும் ஆலயத்துக்குப் போவதாக இருந்தால் அசல் அடையாள அட்டை வேண்டும். தலைமைச் செயலகம் இருக்கும் இடம், வாசலில் சோதனை உண்டு.

எப்போது போவது? டிசம்பர் பிற்பகுதியிலிருந்து பிப்ரவரி வரை நல்ல காலம். ஏப்ரல், மே வெயிலில் கல்லைத் தொடவே முடியாது. அக்டோபரில் இடுப்பளவு புல், அதற்குள் பாம்பு. ஆனால் ஒரு விதிவிலக்கு உண்டு. நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்காக எல்லாக் குடும்பமும் வந்து செதுக்கிச் சுத்தம் செய்துவிடும். அதற்கு அடுத்த ஐந்தாறு நாளில் மழை இல்லாத ஒரு காலைப்பொழுது கிடைத்தால், வருஷத்திலேயே கற்கள் கண்ணுக்குத் தெரியும் நேரம் அதுதான். திருநாளுக்கு முந்தைய வாரம் போனால் ஆட்கள் யாரும் கிடைக்கமாட்டார்கள், கூலியும் ஏறியிருக்கும்.

முழுக்கால் சட்டை, ஷூ, தண்ணீர், மென்மையான பெயின்ட் பிரஷ், கைக்கண்ணாடி ஒன்று. கண்ணாடி எதற்கு என்றால் தேய்ந்த எழுத்தின் மேல் பக்கவாட்டில் வெளிச்சத்தைத் திருப்ப. நேர் வெயிலில் ஒன்றும் தெரியாத கல், பக்கவாட்டு வெளிச்சத்தில் பேச ஆரம்பித்துவிடும். காலை எட்டுக்குள்ளும் மாலை நான்கரைக்கு மேலும் சூரியனே அந்த வேலையைச் செய்யும். சாக்பீஸ் பூசிப் படிக்காதீர்கள், மாவு போடாதீர்கள். கல் துளைகளில் தங்கிப் பாழாக்கும்.

பெயின்ட் அடித்துப் புதுப்பித்த எழுத்தை நம்பாதீர்கள். பெயின்ட்காரருக்குத் தேய்ந்த 1 ஒரு 7 மாதிரித் தெரிந்திருக்கும். பெயின்ட்டுக்கு அடியில் வெட்டியிருப்பதை விரலால் தடவிப் பாருங்கள்.

சரி, எண் கிடைத்தும் இடம் தெரியவில்லை என்றால்? எனக்கு அதுதான் நடந்தது. எண் இருந்தது, எண் கல்தான் இல்லை. இங்கேதான் முன்னும் பின்னும் எடுத்த அந்த நாலு பெயர் உதவியது. குடும்பக் கல்லறை இல்லாதவர்களை அநேகமாக வரிசையாகத்தான் புதைத்துக்கொண்டு போவார்கள். தோட்டத்தில் புல் வெட்டும் அண்ணனும் நானும் 1943 ஜனவரி என்று போட்ட கற்களை மட்டும் தேடினோம். பதிவேட்டில் எங்களுக்கு இரண்டு இடம் முன்னால் இருந்தவரின் சிலுவைக் கல் சாய்ந்து கிடந்தது. அங்கிருந்து எண்ணினால் ஒன்று, இரண்டு. செங்கல் மேடை ஒன்று, மேலே பெயர் எதுவும் இல்லை, ஓரத்தில் அரசங்கன்று முளைத்திருந்தது. எங்களுக்கு அடுத்து இருந்தவரின் பெயர் அதற்கு அந்தப் பக்கத்துக் கல்லில் தெளிவாக இருந்தது. அலுவலகப் பொறுப்பாளர் வந்து பார்த்துவிட்டு, எண் பொருந்துகிறது என்று ஒப்புக்கொண்டார். நவம்பர் 5 அன்று.

இரண்டு பக்கமும் பொருந்தாமல் "இதுதான்" என்று முடிவு செய்யாதீர்கள். இன்னொருவருடைய தாத்தாவுக்கு மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டிருப்பீர்கள்.

8. கண்டுபிடித்த பின்

ஆசிட் வேண்டாம், கம்பி பிரஷ் வேண்டாம். வெறும் தண்ணீரும் மென்மையான பிரஷும் போதும். அரசு, ஆல் கன்றுகளைப் பிடுங்கி இழுக்காதீர்கள், செங்கலும் கூடவே வந்துவிடும். அடியோடு வெட்டிவிட்டுத் திரும்பத் திரும்பக் கவனியுங்கள். பழைய மேடை சுண்ணாம்புக் காரையில் கட்டியது என்றால் சிமென்ட் வைத்து அடைக்காதீர்கள். சிமென்ட் இறுகி நிற்கும், பக்கத்துச் செங்கல் பொரிந்து உதிரும்.

புதுப் பெயர்க்கல் வைக்க எழுத்து மூலம் அனுமதி வேண்டும். மனு, அடக்கப் பதிவேட்டு நகல், உறவுச் சான்று, கல்லின் அளவு, அதில் எழுதப்போகும் வாசகம் ஆகியவற்றைக் கொடுத்தேன். அனுமதி பிப்ரவரியில் வந்தது. அனுமதி வருவதற்கு முன் கல்லுக்கு முன்பணம் கொடுக்காதீர்கள், அளவு மாறலாம். வாசகத்தைத் தட்டச்சு செய்து கொடுங்கள். வாயால் சொன்னால் "நித்திரை" எப்படியோ "நித்தரை" ஆகிவிடுகிறது.

சிலர் தேடுவதே குடும்பக் கல்லறையைத் திறந்து இன்னொருவரை அங்கே அடக்கம் செய்ய. இடத் தட்டுப்பாட்டில் அது இயல்பு. அப்படியானால் பழைய அடக்க ரசீது, வாரிசு உறவுக்கான சான்று, மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதம், பங்கின் கடிதம் எல்லாம் கேட்பார்கள். முந்தைய அடக்கத்துக்குப் பிறகு எத்தனை காலம் கடந்திருக்க வேண்டும் என்பதற்கு விதி உண்டு, அது அவ்வப்போது மாறுகிறது. சாவு விழுந்த அன்று ஓடிப்போய்க் கேட்கிற விஷயம் இல்லை இது. பெரியவர்கள் நன்றாக இருக்கும்போதே ரசீதைத் தேடி எடுத்து, பெயர் மாற்றமோ நகலோ வேண்டுமென்றால் செய்து வைத்துவிடுங்கள். பெரியப்பா மகன்கள் கையெழுத்துப் போட ஒரே ஊரில் இருக்கும்போது சம்மதக் கடிதமும் வாங்கிவிடுங்கள்.

9. எனக்கு ஆன செலவு

போக்குவரத்து 1,900 ரூபாய். மூன்று பங்குகளில் காணிக்கை 1,500. புல் வெட்டிய அண்ணனுக்கு இரண்டு நாள் கூலி 1,800. ஜெராக்ஸ், நகல் கட்டணம், மாநகராட்சித் தேடல் எல்லாம் சேர்த்து 700. தேடுவதற்கு மட்டும் 5,900 ரூபாய். கருங்கல் பலகை, எழுத்து வெட்டு, பதித்துக் கொடுப்பது என்று தனியாக 9,000. எழுத்துக் கணக்கில் காசு வாங்குவார்கள் என்பதால் அப்பா எழுதிக் கொடுத்த நான்கு வரி வசனத்தை ஒரு வரியாக்கினோம். அதற்கு அவர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

"இங்கே தோண்டினால் கிடைக்கும், ஐயாயிரம் கொடுங்கள்" என்று வாசலிலேயே ஒருவர் வருவார். ரசீது தருகிற அலுவலகத்தைத் தவிர வேறு யாரிடமும் கட்டணம் என்று எதையும் கொடுக்காதீர்கள். புல் வெட்டுகிறவருக்குக் கூலியைப் பேசி வேலை முடிந்ததும் கொடுங்கள், அடுத்த நவம்பருக்கு அவர் போன் நம்பரையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கிளம்பும் முன் கல்லறை எண், வரிசை, பக்கத்து இரண்டு கல்லின் பெயர், வாசலிலிருந்து எத்தனை அடி என்பதை ஒரு காகிதத்தில் எழுதி, குடும்ப பைபிளின் முதல் பக்கத்தில் ஒட்டுங்கள். நான் பேனாவில் எழுதினேன். கோயில் பெயருக்குப் பக்கத்தில் "கத்தோலிக்க" என்றும் சேர்த்தேன்.